வெளிநாட்டில் மணவாழ்க்கை: நிரந்தர வசிப்புரிமை போதுமா, குடியுரிமை பெற வேண்டுமா?

புது தில்லி: வெளிநாட்டவரையோ, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினரையோ மணந்து அயல்நாட்டில் குடியேறும் இந்தியர்கள் சில ஆண்டுகளில் ஒரு முக்கியமான முடிவை எடுக்க வேண்டியுள்ளது. இந்தியக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு நிரந்தர வசிப்புரிமையுடன் தொடர்வதா, அல்லது அந்நாட்டின் குடியுரிமையைப் பெறுவதா என்பதே அது.

பல நாடுகளின் குடிமக்களுக்கு இது அத்தனை கடினமான முடிவு அல்ல. இரட்டைக் குடியுரிமையை ஏற்கும் நாட்டில் பிறந்தவர், பழையதை இழக்காமலேயே புதியதைப் பெற்றுக்கொள்ளலாம். இந்தியர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. வேறு நாட்டின் குடியுரிமையை ஏற்கும் கணத்திலேயே இந்தியக் குடியுரிமை முடிவுக்கு வந்துவிடுகிறது.

நாடாளுமன்றத்தில் மத்திய அரசு அளித்த தகவலின்படி, 2022-ஆம் ஆண்டில் 2,25,620 பேரும், 2023-இல் 2,16,219 பேரும், 2024-இல் 2,06,378 பேரும் இந்தியக் குடியுரிமையைத் துறந்துள்ளனர். கல்வி, வேலை, திருமணம் என இதன் பின்னணிகள் பல. பின்னணி எதுவாயினும், இவர்கள் அனைவரும் கடந்து சென்ற சட்ட வாசல் ஒன்றே. அந்த வாசலைத் தாண்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இங்கே விளக்கப்படுகின்றன.

திருமணத்தால் குடியுரிமை மாறுமா?

மாறாது. வெளிநாட்டவரை மணந்தால் இந்தியக் குடியுரிமை தானாகவே போய்விடும் என்ற எண்ணம் சிலரிடம் உள்ளது. அது தவறு. பெண்ணின் குடியுரிமை கணவரின் குடியுரிமையைப் பின்தொடரும் என்ற விதி முற்காலத்தில் பல நாடுகளில் இருந்தது. அமெரிக்காவில் 1907-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வெளிநாட்டவரை மணந்த அமெரிக்கப் பெண்கள் குடியுரிமையை இழந்தனர். 1922-இல் இயற்றப்பட்ட சட்டமே அந்த நிலையை மாற்றத் தொடங்கியது. இன்றைய இந்தியச் சட்டத்தில் திருமணம் மட்டுமே குடியுரிமை இழப்புக்குக் காரணமாகாது.

அதேபோல, திருமணம் செய்துகொண்டதாலேயே அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் குடியுரிமை கிடைத்துவிடுவதும் இல்லை. முதலில் வாழ்க்கைத் துணைக்கான விசா, அடுத்து நிரந்தர வசிப்புரிமை, அதன் பிறகே குடியுரிமை என்பதே வழக்கமான வரிசை. மூன்றாவது படிக்கு விண்ணப்பிப்பது கட்டாயம் அல்ல. வசிப்புரிமையுடன் வாழ்நாள் முழுவதும் இருந்துவிடுபவர்களும் உண்டு.

இந்தியச் சட்டம் கூறுவது என்ன?

வேறொரு நாட்டின் குடியுரிமையைத் தன்விருப்பத்துடன் பெறும் இந்தியர், இந்தியக் குடிமகனாக இருப்பது முடிவுக்கு வரும் என 1955-ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு கூறுகிறது. அரசமைப்புச் சட்டத்தின் 9-ஆவது பிரிவும் இதே அடிப்படையைக் கொண்டதாகும்.

இங்கே கவனிக்க வேண்டியது, இழப்பு நிகழும் நேரம். கடவுச்சீட்டைத் தூதரகத்தில் ஒப்படைக்கும் நாளில் குடியுரிமை போவதில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை கிடைத்த நாளிலேயே அது போய்விடுகிறது. ஒப்படைப்பு என்பது ஏற்கெனவே நிகழ்ந்துவிட்டதைப் பதிவு செய்யும் நடைமுறை மட்டுமே. எனவே, உறுதிமொழி ஏற்ற பிறகும் காலாவதியாகாத பழைய இந்தியக் கடவுச்சீட்டில் பயணம் செய்வது சட்டத்துக்குப் புறம்பானது. 1967-ஆம் ஆண்டு கடவுச்சீட்டுச் சட்டத்தின்கீழ் நடவடிக்கைக்கு அது வழிவகுக்கும்.

புதிய நாடு இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது என்பதும் இந்தியர்களுக்கு உதவாது. உதாரணமாக, ஜெர்மனியில் 2024 ஜூன் 27 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், பழைய குடியுரிமையைத் துறக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கியது. ஆனாலும் ஜெர்மன் குடியுரிமை பெறும் இந்தியர், இந்தியச் சட்டத்தின்படி தம் இந்தியக் குடியுரிமையை இழக்கவே செய்வார்.

வசிப்புரிமையின் பலமும் வரம்பும்

நிரந்தர வசிப்புரிமை பெற்றவர் அந்த நாட்டில் காலவரம்பின்றி வாழலாம். பெரும்பாலான வேலைகளில் சேரலாம். சொந்தமாகத் தொழில் செய்யலாம். அன்றாட வாழ்க்கையில் குடிமகனுக்கும் இவருக்கும் இடையே பெரிய வேறுபாடு தெரியாது. நாட்டை விட்டு நீண்ட காலம் வெளியே இருக்கும்போதுதான் வேறுபாடு தெரியவரும்.

அமெரிக்காவில் கிரீன் கார்டு வைத்திருப்பவர், மறுநுழைவு அனுமதி பெறாமல் ஓராண்டுக்கு மேல் வெளியே இருந்தால் வசிப்புரிமையைக் கைவிட்டவராகக் கருதப்படும் நிலை ஏற்படலாம். பிரிட்டனில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி பெற்றவர், தொடர்ந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வெளியே இருந்தால் பொதுவாக அந்த அனுமதி காலாவதியாகிவிடும். கனடாவில் ஒவ்வோர் ஐந்து ஆண்டுகளிலும் 730 நாள்களாவது அந்நாட்டில் வசித்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் வசிப்புரிமைக்கு முடிவு இல்லை என்றாலும், வெளியே சென்று திரும்பும் உரிமை முதல் ஐந்து ஆண்டுகளுக்கே. அதன் பின் திரும்பிவருவதற்கான தனி விசா தேவைப்படும்.

இந்தியாவில் முதிய பெற்றோர் உள்ளவர்களுக்கு இந்த நாள்கணக்கு மிக முக்கியம். தந்தையின் நோயோ, தாயின் தனிமையோ ஒருவரை ஆறு மாதங்களுக்கு என்று வரவழைத்து, ஈராண்டுகள் தங்கவைத்துவிடக்கூடும். அப்போது குடிமகனாக இருப்பவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பிச் செல்லலாம். வசிப்புரிமை மட்டும் உள்ளவர், தாம் அதை இழக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது வரம்பு, குற்ற வழக்குகள் தொடர்பானது. சில வகைக் குற்றங்களில் தண்டனை பெற்றால், வசிப்புரிமை உள்ளவர் நாடு கடத்தப்படலாம். அமெரிக்காவில் குடிமக்களுக்கு மட்டுமே உரிய தேர்தலில் கிரீன் கார்டு வைத்திருப்பவர் வாக்களிப்பதுகூட நாடு கடத்தலுக்குக் காரணமாகலாம்.

காத்திருக்க வேண்டிய காலம்

குடிமகனை மணந்தவருக்குக் காத்திருப்புக் காலத்தில் எல்லா நாடுகளும் சலுகை தருவதில்லை. அமெரிக்காவில் கிரீன் கார்டு பெற்ற ஐந்து ஆண்டுகளுக்குப் பின் குடியுரிமை கோரலாம் என்பது பொது விதி. அமெரிக்கக் குடிமகனுடன் மணவாழ்வில் சேர்ந்து வாழ்பவருக்கு இது மூன்று ஆண்டுகளாகக் குறைகிறது. அந்த மூன்று ஆண்டுகளில் குறைந்தது 18 மாதங்கள் அமெரிக்காவிலேயே இருந்திருக்க வேண்டும்.

பிரிட்டனில் வாழ்க்கைத் துணைக்கான விசாவில் ஐந்து ஆண்டுகள் கழித்த பின் நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அது கிடைத்ததும், பிரிட்டன் குடிமகனை மணந்தவர் மேலும் ஓராண்டு காத்திராமல் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இயலும். ஜெர்மனியில் பொதுவாக ஐந்து ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும். ஜெர்மன் குடிமகனை மணந்து இரண்டு ஆண்டுகள் ஆனவருக்கு மூன்று ஆண்டுகள் போதும்.

கனடாவில் குடிமகனை மணந்தவருக்கெனத் தனிச் சலுகை இல்லை. விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் 1,095 நாள்கள் அந்நாட்டில் இருந்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் நான்கு ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும். அதில் கடைசி ஓராண்டு நிரந்தர வசிப்புரிமையுடன் கழிந்திருக்க வேண்டும். இந்த விதிகள் அவ்வப்போது மாற்றப்படுவதால், விண்ணப்பிக்கும் நாளில் நடைமுறையில் உள்ளதைச் சரிபார்ப்பது அவசியம்.

மணவாழ்க்கை முறிந்தால்?

திருமணத்தின் வழியே கிடைத்த வசிப்புரிமை, தொடக்கத்தில் அந்தத் திருமணத்தையே சார்ந்திருக்கும். அமெரிக்காவில் திருமணமாகி இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள் வசிப்புரிமை வழங்கப்பட்டால், இரண்டு ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும் நிபந்தனை அட்டை தரப்படும். அது காலாவதியாவதற்கு முந்தைய 90 நாள்களில் கணவனும் மனைவியும் சேர்ந்து, நிபந்தனையை நீக்கக் கோரி ஐ-751 படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும்.

மணமுறிவு ஏற்பட்டாலோ, துணையின் வன்முறைக்கு ஆளானாலோ, கூட்டு விண்ணப்பத்திலிருந்து விலக்குக் கோரித் தனியாக விண்ணப்பிக்கச் சட்டம் இடமளிக்கிறது. பிரிட்டனிலும் குடும்ப வன்முறையால் உறவு முறிந்தவர்கள், வாழ்க்கைத் துணைக்கான விசாவில் இருந்தாலும் தனியாக நிரந்தர அனுமதி கோர வழி உள்ளது. 'வழக்குப் போட்டால் உன்னை நாட்டை விட்டே அனுப்பிவிடுவேன்' என்ற மிரட்டலுக்கு அஞ்சி மௌனம் காக்கும் பெண்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

நிபந்தனை நீங்கிய கிரீன் கார்டு, மணமுறிவால் மட்டும் பறிபோகாது. ஆனால் மூன்று ஆண்டுச் சலுகை முடிந்துவிடும்; குடியுரிமைக்கு ஐந்து ஆண்டுகள் நிறைவடையக் காத்திருக்க வேண்டும். வெளிநாட்டில் வாழும் கணவரால் கைவிடப்பட்ட இந்தியப் பெண்களின் புகார்களைக் கையாள, தேசிய மகளிர் ஆணையத்தில் 2009 முதல் தனிப் பிரிவு இயங்கி வருகிறது. இந்தியக் குடிமகளாக இருக்கும் வரை, நெருக்கடியில் இந்தியத் தூதரகத்தின் உதவியைக் கோரும் உரிமையும் உண்டு.

ஓசிஐ அட்டை எதைத் தரும், எதைத் தராது?

குடியுரிமையை இழப்பவர்களுக்கு இந்திய அரசு வழங்கும் மாற்று ஏற்பாடு, ஓசிஐ எனப்படும் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள் அட்டை. பெயரில் 'குடிமக்கள்' என்ற சொல் இருந்தாலும் இது குடியுரிமை அல்ல. வாழ்நாள் முழுவதும் எத்தனை முறை வேண்டுமானாலும் இந்தியாவுக்கு வந்து செல்லவும், காவல்துறைப் பதிவு இன்றித் தங்கவும் வழிசெய்யும் அனுமதி இது.

ஓசிஐ அட்டை உள்ளவர் வாக்காளர் பட்டியலில் இடம்பெற முடியாது. நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ போட்டியிட முடியாது. பொதுவாக அரசுப் பணியில் சேர முடியாது. 2021 மார்ச் 4-ஆம் தேதி வெளியான அறிவிக்கையின்படி ஆராய்ச்சி, இதழியல், சமயப் பரப்புரை, மலையேற்றம் ஆகியவற்றுக்கு முன் அனுமதி பெற வேண்டும். மருத்துவம், சட்டம், கட்டடக்கலை, தணிக்கை போன்ற தொழில்களில் உரிய சட்டங்களுக்கு உட்பட்டு ஈடுபடலாம். 'நீட்', ஜேஇஇ போன்ற நுழைவுத் தேர்வுகளில் வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான இடங்களுக்கும் கூடுதல் இடங்களுக்கும் மட்டுமே போட்டியிட இயலும். இந்தியக் குடிமக்களுக்கு மட்டும் ஒதுக்கப்பட்ட இடங்கள் கிடைக்காது.

இந்த அட்டையை அரசு ரத்து செய்யவும் முடியும். மோசடியாகப் பெற்றது, குறிப்பிட்ட சட்டங்களை மீறியது உள்ளிட்ட காரணங்கள் சட்டத்தின் 7டி பிரிவில் உள்ளன. முன்பு இந்தியக் குடிமகனாக இருந்தவருக்கு அந்தத் தகுதியிலேயே அட்டை வழங்கப்படுவதால், மணமுறிவு அதைப் பாதிக்காது. ஆனால் இந்தியரை மணந்தவர் என்ற தகுதியில் மட்டும் அட்டை பெற்ற வெளிநாட்டுத் துணையின் நிலை வேறு. திருமணம் பதிவு செய்யப்பட்டு இரண்டு ஆண்டுகள் தொடர்ந்திருந்தால்தான் அவருக்கு அட்டை கிடைக்கும். திருமணம் முறிந்தால் அது ரத்து செய்யப்படலாம்.

நிலம், வரி, வாக்குரிமை

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றால் பூர்விகச் சொத்து பறிபோகும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. இந்தியாவில் வசித்த காலத்தில் வாங்கிய சொத்தையும், இந்தியாவில் வசிப்பவரிடமிருந்து வாரிசுரிமையாக வந்த சொத்தையும் தொடர்ந்து வைத்திருக்க அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் அனுமதிக்கிறது. வீடு, மனை, வணிகக் கட்டடம் ஆகியவற்றைப் புதிதாக வாங்கவும் ஓசிஐ அட்டை உள்ளவர்களுக்குத் தடை இல்லை.

விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை அவர்கள் விலைக்கு வாங்க இயலாது. இந்தத் தடை, இந்தியக் கடவுச்சீட்டுடன் வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கும் பொருந்தும் என்பதைப் பலர் அறிவதில்லை. ஆக, வெளிநாட்டில் வசிக்கும் வரை இந்த விஷயத்தில் இரு தரப்பினரும் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் உள்ளனர்.

இந்தியாவில் வருமான வரி பெரும்பாலும் குடியுரிமையை வைத்து அல்ல, இங்கு தங்கிய நாள்களை வைத்தே தீர்மானிக்கப்படுகிறது. அமெரிக்காவின் முறை வேறு. கிரீன் கார்டு வைத்திருப்பவரும் குடிமகனும் உலகின் எந்தப் பகுதியில் ஈட்டிய வருமானத்துக்கும் அங்கே கணக்குக் காட்ட வேண்டும். குடிமகனாகிவிட்டால், இந்தியாவுக்கே திரும்பி வந்து குடியேறினாலும் அந்தக் கடமை தொடரும். அதேசமயம், கணவன் அல்லது மனைவியின் மறைவுக்குப் பின் வரும் சொத்துக்கு அமெரிக்க மரபுரிமை வரியில் கிடைக்கும் வரம்பற்ற விலக்கு, பொதுவாக அமெரிக்கக் குடிமகனான துணைக்கே உரியது. பெரும் சொத்துள்ள குடும்பங்களுக்கு இது முக்கியமான வேறுபாடு.

வாக்குரிமையைப் பொறுத்தவரை, வேறு குடியுரிமை பெறாமல் வெளிநாட்டில் வாழும் இந்தியர்கள் 6ஏ படிவம் மூலம் சொந்த ஊர் வாக்காளர் பட்டியலில் இடம்பெறலாம். 2010-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இதற்கு வழிவகுத்தது. ஆனால் கடவுச்சீட்டுடன் வாக்குச்சாவடிக்கு நேரில் வர வேண்டும். பிரிட்டனில் சட்டப்படி வசிக்கும் இந்தியக் குடிமக்கள், காமன்வெல்த் நாட்டினர் என்ற முறையில் அந்நாட்டு நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். அமெரிக்கா, கனடா நாடாளுமன்றத் தேர்தல்களில் குடிமக்களுக்கே வாக்குரிமை உண்டு.

பெற்றோரை அழைத்துக்கொள்ள எது உதவும்?

இதற்கான விடை நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவில் 21 வயது நிறைந்த குடிமகன் தம் பெற்றோருக்கு நிரந்தர வசிப்புரிமை கோரி விண்ணப்பிக்கலாம். கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு அந்த உரிமை இல்லை. அவர் தம் துணைக்கும் திருமணமாகாத பிள்ளைகளுக்கும் மட்டுமே விண்ணப்பிக்க முடியும். கனடாவில் பெற்றோருக்கான திட்டம் திறக்கப்படும் காலங்களில், குடிமக்களும் வசிப்புரிமை பெற்றவர்களும் தகுதி உடையவர்களே. எனவே, பெற்றோருக்காகவே குடியுரிமை பெற நினைப்பவர், அந்த நாட்டில் அது உண்மையிலேயே தேவைதானா என்பதை முதலில் அறிய வேண்டும். பெற்றோர் ஊரை விட்டு வரச் சம்மதிக்கிறார்களா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

பிள்ளைகளின் நிலை

வெளிநாட்டில் பிறக்கும் குழந்தையின் பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தால், பிறந்த ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்து வம்சாவளி மூலம் இந்தியக் குடியுரிமை கோரலாம். ஓராண்டு கடந்துவிட்டால் மத்திய அரசின் அனுமதி தேவை. குழந்தைக்கு வேறு நாட்டுக் கடவுச்சீட்டு இல்லை என்று பெற்றோர் எழுத்துமூலம் உறுதியளிக்க வேண்டும்.

பிறப்பாலேயே அந்நாட்டுக் குடியுரிமை பெற்று, அந்நாட்டுக் கடவுச்சீட்டும் எடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு ஓசிஐ அட்டையே வழி. இந்தியக் குடியுரிமையுடன் வேறொரு குடியுரிமையும் கொண்டவராக வளரும் பிள்ளை, 18 வயது நிறைந்த ஆறு மாதங்களுக்குள் மற்றதைத் துறக்காவிட்டால் இந்தியக் குடியுரிமையை இழப்பார்.

இடைவெளியில் ஏற்படும் சிக்கல்

குடியுரிமை பெற முடிவு செய்தவர்கள் கவனிக்கத் தவறுவது, பழைய ஆவணத்துக்கும் புதிய ஆவணத்துக்கும் இடைப்பட்ட காலத்தை. உறுதிமொழி ஏற்றதும் இந்தியக் கடவுச்சீட்டு பயனற்றதாகிவிடும். புதிய நாட்டின் கடவுச்சீட்டைப் பெற்று, இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைத்து, அதற்கான சான்றிதழுடன் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அட்டை கைக்கு வரும் வரை, பிறந்த நாட்டுக்கு வருவதற்கும் விசா தேவைப்படும்.

குடும்பத்தில் திருமணமோ, அறுவைச் சிகிச்சையோ நெருங்கும் வேளையில் உறுதிமொழி நாள் அமைந்தால் சிக்கல் எழும். முன்கூட்டியே திட்டமிட்டு, பயணங்களை முடித்துக்கொண்டு இந்த நடைமுறையைத் தொடங்குவதே நல்லது. ஒப்படைப்புச் சான்றிதழைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பிற்காலத்தில் முன்னாள் இந்தியக் குடிமகன் என்பதற்கு அதுவே முக்கியச் சான்று.

திரும்பி வர வழி உண்டா?

உண்டு, ஆனால் நீண்டது. ஓசிஐ அட்டைதாரராகப் பதிவு செய்து ஐந்து ஆண்டுகள் ஆனவர், விண்ணப்பத்துக்கு முன் 12 மாதங்கள் இந்தியாவில் வசித்திருந்தால் பதிவு மூலம் மீண்டும் இந்தியக் குடியுரிமை கோரலாம். அப்போது வெளிநாட்டுக் குடியுரிமையைத் துறக்க வேண்டும். வழங்குவதும் மறுப்பதும் மத்திய அரசின் முடிவுக்கு உட்பட்டது.

யாருக்கு எது பொருந்தும்?

இன்னும் சில ஆண்டுகளில் இந்தியாவுக்குத் திரும்பும் எண்ணம் உள்ளவர்கள், இந்தியாவில் அரசுப் பணி அல்லது பொதுவாழ்வில் ஈடுபட விரும்புபவர்கள், ஊரில் விவசாயத்தைத் தொடர நினைப்பவர்கள் ஆகியோருக்கு வசிப்புரிமையே ஏற்றதாக இருக்கும். மணவாழ்க்கையின் தொடக்க ஆண்டுகளில் இருப்பவர்களும் அவசரப்படத் தேவையில்லை. பெரும்பாலான நாடுகளில் தகுதி பெற்றவுடனேயே விண்ணப்பிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மறுபுறம், புதிய நாட்டிலேயே வாழ்நாளைக் கழிக்க முடிவு செய்தவர்கள், இரு நாடுகளிலும் மாறி மாறி நீண்ட காலம் தங்க வேண்டியவர்கள், அமெரிக்காவுக்குப் பெற்றோரை அழைத்துக்கொள்ள விரும்புபவர்கள், பணி நிமித்தம் பல நாடுகளுக்குப் பயணிப்பவர்கள் ஆகியோருக்குக் குடியுரிமை உறுதியான பாதுகாப்பைத் தரும். முதிய பெற்றோருடன் நீண்ட காலம் இருக்க விரும்பும் ஒருவருக்கு, வெளிநாட்டுக் குடியுரிமையும் ஓசிஐ அட்டையும் சேர்ந்தே அதிகச் சுதந்திரத்தைத் தருகின்றன என்பது பலர் எதிர்பாராத உண்மை. எவ்வளவு காலம் இந்தியாவில் தங்கினாலும் புதிய நாட்டில் அவர் உரிமை இழப்பதில்லை. இந்தியாவில் தங்கவும் தடை இல்லை.

அதற்கு ஈடாக அவர் கொடுப்பது, பிறந்த மண்ணில் வாக்களிக்கும் உரிமையையும், எந்த அனுமதியும் இன்றி அங்கு வாழும் உரிமையையும். இந்த ஈடு தமக்கு ஏற்புடையதா என்பதைக் கணவனும் மனைவியும் கூடிப் பேசி, தேவைப்பட்டால் குடிவரவு வழக்குரைஞரின் ஆலோசனையையும் பெற்று, விண்ணப்பம் நிரப்பத் தொடங்கும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.